முயலகன்

1

நடராஜர் சிலை முன்னால் நின்றால் கண் முதலில் தூக்கிய திருவடிக்குப் போகும். அப்புறம் திருவாசி, விரிசடை, உடுக்கை. ஊன்றிய காலுக்குக் கீழே கிடப்பவனைக் கடைசியாகத்தான் பார்ப்போம், பல பேர் பார்ப்பதே இல்லை. குள்ளமாக, முதுகு மிதிபட்டு, தலையைத் தூக்கியபடி கிடப்பான். தமிழில் அவன் பெயர் முயலகன். வடமொழியில் அபஸ்மாரன்.

அறியாமையின் உருவம் என்று கோயில் புத்தகங்கள் சொல்லும், அதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் இரண்டு மொழியிலும் அந்தப் பெயருக்கு இன்னொரு பொருள் இருக்கிறது. தமிழ் அகராதியைப் புரட்டினால் முயலகன் என்ற சொல்லுக்கு வலிப்பு நோய் என்றும் பொருள் போட்டிருக்கும். சரக சம்ஹிதையில் அபஸ்மாரம் தனி அத்தியாயம் பெறும் ஒரு நோய். ஸ்மரணை என்றால் நினைவு, அது விலகிப்போவது அபஸ்மாரம். வலிப்பு வந்து எழுந்தவருக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது என்பதைக் கவனித்த யாரோ வைத்த பெயர்.

திருச்சிக்குப் பக்கத்தில் திருவாசி என்று ஒரு ஊர். தேவாரக் காலத்தில் அது திருப்பாச்சிலாச்சிராமம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அங்கே வந்தபோது நடந்ததாகப் பெரியபுராணம் ஒரு கதை சொல்கிறது. கொல்லிமழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு முயலகன் என்னும் நோய். எந்த வைத்தியமும் பலிக்கவில்லை. கடைசியில் அரசன் மகளைக் கொண்டுவந்து கோயிலில் சிவன் முன்னால் கிடத்திவிட்டான். சம்பந்தர் பதிகம் பாடினார், நோய் தீர்ந்தது. அந்தக் கோயிலின் நடராஜர் காலடியில் முயலகன் கிடையாது, பாம்புதான் இருக்கிறது.

நம்பிக்கையா வரலாறா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது வேறு. அரசன் என்ன செய்தான் என்று தெரிகிறது, சம்பந்தர் என்ன செய்தார் என்று தெரிகிறது. அந்தப் பெண் என்ன நினைத்தாள்? அவளுக்குப் பெயர்கூட இல்லை. நோய்க்குப் பெயர், உருவம், காலடியில் ஓர் இடம் எல்லாம் இருக்கிறது. நோயாளிக்கு மட்டும் எதுவும் இல்லை. வலிப்பின் வரலாற்றைப் படிக்கப் படிக்க இது எல்லா ஊரிலும் நடந்திருப்பது தெரிகிறது.

2

ரோமாபுரியில் மக்கள் மன்றம் கூடியிருக்கும்போது யாருக்காவது வலிப்பு வந்தால் கூட்டத்தைக் கலைத்துவிடுவார்கள். தெய்வங்களுக்குச் சம்மதம் இல்லை என்று அர்த்தமாம். அதனாலேயே லத்தீனில் இந்த நோய்க்கு ‘மன்றத்து நோய்’ என்று ஒரு பெயர் உண்டு. அதே ரோமில், களத்தில் வெட்டுப்பட்டு விழுந்த வாள்வீரனின் ரத்தத்தைச் சூடு ஆறுவதற்குள் குடித்தால் வலிப்பு தீரும் என்றும் நம்பினார்கள். பிளினி இதை அருவருப்போடு எழுதி வைத்திருக்கிறார்.

இதற்கெல்லாம் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இது சாமி குத்தம் இல்லை என்று எழுதிவிட்டார். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் ‘புனித நோய் பற்றி’ என்று ஒரு சிறு நூல் இருக்கிறது. காலம் ஏறத்தாழ பொ.மு. 400. எழுதியது அவரேதானா என்பதில் சர்ச்சை உண்டு. எழுதியவர் யாராக இருந்தாலும் கோபக்காரர். மற்ற நோய்களைவிட இந்த நோயில் தெய்வீகம் ஒன்றும் கூடுதலாக இல்லை என்கிறார். மந்திரம் போடுகிறவர்களும் பரிகாரம் சொல்கிறவர்களும் தங்களுக்குத் தெரியாததை மறைக்கத்தான் கடவுளை இழுக்கிறார்கள் என்கிறார். நோய் இருக்கும் இடம் மூளை. நம்பிக்கை இல்லையென்றால் இதே நோய் கண்ட ஆட்டின் தலையைப் பிளந்து பாருங்கள், மூளை நீர் கோத்து நாறும், எந்தத் தெய்வமும் உள்ளே இருக்காது.

அவர் சொன்ன காரணம், அதாவது சளி இறங்கி ரத்தக் குழாயை அடைக்கிறது என்பது தப்பு. ஆனால் அந்த நூலில் காலத்தால் தப்பாகாத ஓர் இடம் இருக்கிறது. நோய் பழகியவர்களுக்கு வலிப்பு வரப்போவது முன்கூட்டியே தெரியும். தெரிந்ததும் ஆள் இல்லாத இடத்துக்கு ஓடுவார்கள், தலையை மூடிக்கொள்வார்கள். இதைத் தெய்வ பயம் என்று மற்றவர்கள் சொன்னபோது இவர் மறுக்கிறார். அது பயம் இல்லை, வெட்கம். அதற்குச் சாட்சியாகக் குழந்தைகளைக் காட்டுகிறார். குழந்தைகள் முதலில் நின்ற இடத்திலேயே விழுவார்கள். பலமுறை வந்து பழகியபின், வருவது தெரிந்தால் அம்மாவிடம் ஓடுவார்கள். ஏனென்றால் குழந்தைகளுக்கு இருப்பது பயம் மட்டும்தான். வெட்கப்பட இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

2,400 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வைத்தியர் உட்கார்ந்து இதைக் கவனித்திருக்கிறார். அம்மாவிடம் ஓடுவதற்கும் யாரும் பார்க்காத இடத்துக்கு ஓடுவதற்கும் நடுவில் மனிதன் என்னவோ கற்றுக்கொள்கிறான். அதைக் கற்றுக்கொடுப்பது மூளை இல்லை, ஊர்.

3

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் விழுந்தான். கல்லூரி படிக்கிற வயசு. கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளி, பெட்டியே எழுந்து நின்றது. “காக்கா வலிப்பு, சாவி குடுங்க சாவி குடுங்க” என்று குரல்கள். கால்-கை வலிப்புதான் பேச்சில் காக்காய் வலிப்பு ஆனது என்பார்கள், காக்காய்க்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒருவர் தன் பைக் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்து இறுக்கிப் பிடித்தார். ஒன்றரை நிமிடம் இருக்கும். இழுப்பு அடங்கியது. “பாத்தீங்களா, இரும்புக்கு அடங்கிடுச்சு” என்றார் அவர். அவர் முகத்தில் இருந்த நிம்மதி பொய் இல்லை.

பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடும். சாவி தேடி எடுத்துக் கையில் வைக்க ஒரு நிமிடம் ஆகும். மிச்சத்துக்கான பெருமை இரும்புக்குப் போகிறது. மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த வியாதி. சர்வர் தானாக மீண்டு எழும் நேரத்தில் யார் எந்தப் பட்டனை அழுத்தியிருந்தாரோ அவர்தான் அன்றைய நாயகன். அடுத்த முறை பிரச்சினை வந்தால் அதே பட்டனை எல்லோரும் அழுத்துவார்கள். பத்து வருடம் கழித்து அதற்கு ஒரு டாக்குமெண்ட்டே இருக்கும்.

இதைச் சொல்லிச் சாவிக்காரரைக் கிண்டல் செய்துவிட்டுப் போகலாம். ஆனால் வலிப்புக்கு முதன்முதலாகப் பலித்த மருந்தும் கிட்டத்தட்ட இப்படித்தான் வந்தது. 1857 மே மாதம் லண்டனில் ஒரு மருத்துவர் கூட்டம். பேசியவர் சார்லஸ் லோகாக், விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம் பார்த்தவர். பெண்களுக்கு வரும் ஒருவகை வலிப்புக்கு மாதவிடாயும் காமக் கிளர்ச்சியும் காரணம் என்பது அவர் நம்பிக்கை. பொட்டாசியம் புரோமைடு காமத்தை அடக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். கொடுத்துப் பார்த்தார். 14, 15 பெண்களில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் வலிப்பு கட்டுப்பட்டது.

காரணம் தவறு, மருந்து சரி. புரோமைடு மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கிறது, காமத்தோடு அதற்கு வேலை இல்லை. ஆனாலும் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு உலகத்துக்கு அதுதான் மருந்து. கூடவே மந்தம், தூக்கம், முகமெல்லாம் பரு. சாவிக்கும் புரோமைடுக்கும் என்ன வித்தியாசம்? புரோமைடைப் பலருக்குக் கொடுத்து, வராத நாட்களையும் எண்ணினார்கள். சாவி வைக்காதவர்களுக்கு என்ன ஆனது என்று யாரும் எண்ணியதில்லை.

4

வலிப்பு என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் சரியாகச் சொன்னவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன், லண்டன்காரர். அவரிடம் கருவி எதுவும் இல்லை, நோயாளி பக்கத்தில் பொறுமையாக உட்காரும் பழக்கம் மட்டும் இருந்தது. சிலருக்கு இழுப்பு கட்டை விரலில் தொடங்கும். அங்கிருந்து கை, முழங்கை, தோள், முகம் என்று ஓர் ஒழுங்கில் ஏறும். ஒழுங்கு இருந்தால் வரைபடம் இருக்க வேண்டும். மூளையில் விரலுக்கு ஓரிடம், கைக்கு அதன் பக்கத்திடம், முகத்துக்கு அடுத்தது என்று இருந்தால்தான் தீ ஓலைக்கு ஓலை தாவுவதுபோல் இப்படிப் பரவ முடியும் என்று ஊகித்தார். 1870இல் பெர்லினில் ஃபிரிட்ஷ், ஹிட்ஸிக் இருவரும் நாயின் மூளையில் மின்சாரம் தொட்டு, தொட்ட இடத்துக்கு ஏற்ப வெவ்வேறு தசைகள் அசைவதைக் காட்டினார்கள். ஜாக்சனின் ஊகம் நின்றது. 1873இல் அவர் வரையறை செய்தார்: மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் திடீரென, அளவுமீறி, வேகமாக நிகழும் வெளியேற்றம்தான் வலிப்பு. அவருடைய மனைவிக்கும் இதே வகை வலிப்பு வந்தது. 1876இல் இறந்துபோனார். அந்த நோய் இன்றும் ஜாக்சன் பெயரால் வழங்குகிறது.

நம் தலைக்குள் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். சாதாரண நேரத்தில் ஒவ்வொன்றும் தன் வேலைக்குத் தகுந்தபடி மின்துடிப்பை அனுப்பும். “பேசு” என்று தூண்டும் அணுக்கள் இருப்பதுபோல “சும்மா இரு” என்று அடக்கும் அணுக்களும் உண்டு. அரங்கத்தில் ஆயிரம் பேர் ஆளாளுக்குப் பேசினால் அது இரைச்சல்தான், அதில் வாழ்க்கை நடக்கும். ஆயிரம் பேரும் ஒரே தாளத்தில் கைதட்ட ஆரம்பித்துவிட்டால் வேறு யார் பேச்சும் காதில் விழாது. வலிப்பு அந்தக் கைதட்டல். சிலருக்கு ஒரு மூலையில் மட்டும் தட்டுவார்கள்: கை இழுக்கும், அல்லது இல்லாத வாசனை அடிக்கும். சிலருக்கு அரங்கம் முழுக்க.

இந்தக் கைதட்டலைக் காகிதத்தில் பிடித்தவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1893இல் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து சாவிலிருந்து தப்பினார். அன்றைக்கே, தூரத்தில் இருந்த அக்காவுக்கு மனசு பதறி அப்பாவைத் தந்தி கொடுக்கச் சொன்னார். எண்ணம் மூளையிலிருந்து மூளைக்குப் பயணம் போகிறது என்று பெர்கர் நம்பிவிட்டார். அந்த நம்பிக்கைதான் அவரை முப்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்தது. டெலிபதி கிடைக்கவில்லை. 1924இல் மனித மூளையின் மின்னலைகள் கிடைத்தன. அளவு சில பத்து மைக்ரோவோல்ட், பென்சில் பேட்டரியின் சக்தியில் ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. தன் கருவியையே சந்தேகப்பட்டு ஐந்து வருடம் சரிபார்த்து 1929இல்தான் வெளியிட்டார். 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் அதை உறுதிசெய்த பிறகே உலகம் நம்பியது. இன்று எல்லா மருத்துவமனையிலும் எடுக்கும் இ.இ.ஜி. அதுதான்.

கதையை இங்கே முடித்தால் பெர்கர் நல்லவராகவே இருப்பார்.

5

1933 ஜூலையில் நாஜி அரசு ஒரு சட்டம் போட்டது. பரம்பரை நோய் உள்ளவர்கள் குழந்தை பெறாமல் தடுக்கும் சட்டம். பட்டியலில் வலிப்பும் இருந்தது. இதற்கென்றே நீதிமன்றங்கள், மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றங்கள், அவற்றில் நீதிபதியோடு மருத்துவர்களும் உட்கார்ந்தார்கள். அந்த ஆட்சி முடிவதற்குள் ஏறத்தாழ 4,00,000 பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. 1939க்குப் பிறகு மனநல விடுதிகளில் இருந்தவர்களைக் கொல்லத் தொடங்கியபோது, பூர்த்தி செய்யச் சொன்ன படிவத்தில் வலிப்பும் ஒரு கட்டம்.

யேனாவின் உயர் நீதிமன்றத்தில் உட்கார்ந்த மருத்துவர்களில் பெர்கரும் ஒருவர். அவர் நாஜிகளால் துன்புறுத்தப்பட்டவர் என்றே நெடுநாள் எழுதிவந்தார்கள். ஆவணங்கள் வேறு சொல்கின்றன. வலிப்பு மூளையின் மின்சாரம் என்று காட்டிய கை, வலிப்பு உள்ளவர்களுக்குப் பிள்ளை வேண்டாம் என்ற தீர்ப்புகளிலும் இருந்திருக்கிறது. 1941இல் தற்கொலை செய்துகொண்டார்.

அதே ஜெர்மனியில் இன்னொருவர், ஆல்ஃபிரட் ஹாப்ட்மன். 1912இல் ஃபிரைபர்கில் இளம் டாக்டர். வலிப்பு நோயாளிகள் வார்டுக்கு மேலே அவர் தங்கியிருந்தார், இரவெல்லாம் கீழே வலிப்புச் சத்தத்தில் தூக்கம் இல்லை என்று ஒரு கதை சொல்வார்கள். நோயாளிகள் தூங்கட்டும் என்று லூமினல் என்ற புதிய தூக்க மருந்தைக் கொடுத்தார். இரவில் வலிப்பு குறைந்தது சரி, பகலிலும் குறைந்ததைக் கவனித்தார். அதுதான் ஃபீனோபார்பிட்டால். நூறு ஆண்டு தாண்டியும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

ஹாப்ட்மன் யூதர். 1935இல் ஹாலே பல்கலைக்கழகப் பதவி பறிபோனது. 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளும் ஆலயங்களும் நொறுக்கப்பட்ட இரவை அடுத்து டகாவ் முகாமில் அடைத்தார்கள். வெளியே வந்து, நாடு நாடாகத் தப்பி அமெரிக்கா போய், 1948இல் பாஸ்டனில் இறந்தார்.

அந்தப் பாஸ்டனில்தான் 1938இல் மெரிட், பட்னம் என்ற இருவர் ஃபெனிட்டாயினை அறிவித்திருந்தார்கள். வலிப்பை அடக்கும் மருந்து தூங்கவைத்துத்தான் ஆகவேண்டும் என்று எல்லோரும் நினைத்த காலம். இவர்கள் பூனைக்கு மின்சாரத்தால் வலிப்பு வரவழைத்து, ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்து எது தடுக்கிறது என்று பார்த்தார்கள். 1908இலேயே செய்து, தூக்கம் வரவில்லை என்று ஒதுக்கி வைத்த ரசாயனம் தேறியது. வலிப்பு நிற்கும், ஆள் விழித்திருப்பார்.

எல்லாத் தேடலும் இப்படி நல்லபடியாக முடியவில்லை. 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் ஹென்றி மோலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பை நிறுத்த மூளையின் இரு பக்கமும் உட்பகுதியை எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிய நினைவு எதுவும் அவருக்குத் தங்கவில்லை. 2008இல் இறக்கும்வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள், சாப்பிட்ட சோறு முதல் சந்தித்த முகம் வரை எதுவும். நினைவு எங்கே உருவாகிறது என்று அறிவியல் அவரிடம்தான் கற்றுக்கொண்டது. அபஸ்மாரம் என்ற சொல்லின் நேர்ப்பொருளை அவருக்கு நோய் கொடுக்கவில்லை, சிகிச்சை கொடுத்தது.

6

1949இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைசிகிச்சைத் துறையைத் தொடங்கினார். வலிப்புக்கான அறுவைசிகிச்சையில் உலகப் பெயர் பெற்ற மாண்ட்ரியாலின் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். மறு ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். தமிழ்நாட்டில் முயலகனை மருத்துவம் மிதிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

வேலூரிலிருந்து வந்த ஒரு கண்டுபிடிப்பு பலருக்குத் தெரியாது. 1980களில் இங்கே சி.டி. ஸ்கேன் பரவியபோது, வலிப்பு வந்த பலரின் மூளையில் ஒரே ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. இந்தியா, அதனால் காசநோய்க் கட்டியாகத்தான் இருக்கும் என்று மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். புள்ளி மறைந்தது. மருந்து வேலை செய்கிறது! மறுபடியும் அதே சாவிக்கொத்து. வேலூர் மருத்துவர்கள் அந்தப் புள்ளிகளை எடுத்துச் சோதித்தபோது பெரும்பாலானவை காசநோயே இல்லை. 20 மில்லிமீட்டருக்கும் சிறிய, செத்துக்கொண்டிருந்த நாடாப்புழுவின் இளம்புழு. அவற்றில் பலவும் காசநோய் மருந்து இல்லாமலே மறையக்கூடியவை.

பன்றியின் நாடாப்புழு என்றதும் ‘நாங்க சைவம்’ என்று நிம்மதி அடைய வேண்டாம். புழு குடலில் இருப்பவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். கழுவாத கை, தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக அடுத்தவர் வயிற்றுக்குப் போகும், அங்கிருந்து ரத்தத்தில் ஏறி மூளையில் தங்கும். உயிரோடு இருக்கும்வரை பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். சாகும்போதுதான் சுற்றிலும் அழற்சி, வலிப்பு. ஆக, நம் ஊரில் கணிசமான வலிப்புக்கு மருந்து கழிப்பறையும் சோப்பும்தான்.

7

இவ்வளவு தெரிந்தபிறகு சட்டம் என்ன சொன்னது? 1955இன் இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு என்ற சொல்லே இல்லை. 1976இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அடிக்கடி பைத்தியமோ வலிப்போ வருகிறவருக்குத் திருமணம் செய்யும் தகுதி இல்லை, செய்தால் அது செல்லாதென அறிவிக்கக் கோரலாம் என்றது. பதிவுத் திருமணத்துக்கான சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அப்படியே. ஃபீனோபார்பிட்டால் வந்து 64 ஆண்டு, ஃபெனிட்டாயின் வந்து 38 ஆண்டு கழித்து! இந்திய வலிப்பு நோய்ச் சங்கமும் மருத்துவர்களும் விடாமல் போராடி, 1999இல்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது. நாம் மட்டும் இல்லை, அமெரிக்காவில் இப்படியான சட்டத்தைக் கடைசி மாநிலம் 1980இல்தான் கைவிட்டது.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய். சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வருடத்துக்கு 5 டாலர் அளவிலான மருந்தே போதுமானதாக இருக்கலாம். ஆனாலும் ஏழை நாடுகளில் முக்கால்வாசிப் பேருக்குச் சிகிச்சை இல்லை. மருந்துக்கடை தூரம், காசு என்று காரணங்கள் உண்டு. ஹிப்போகிரட்டீஸ் நூல் சொன்ன காரணமும் உண்டு.

என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி, சொன்னால் அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிடுகிறேன், தன் மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருப்பாள். ஆறு வருடமாக வலிப்பு வந்ததில்லை. வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்ததும் அம்மா சொன்ன முதல் விஷயம், இதை வெளியே மூச்சு விடாதே. 1999 திருத்தத்தைப் பற்றி நான் ஆர்வமாகச் சொன்னேன். சிரித்தாள். “சட்டம் மாறிடுச்சுன்னு மாமியார்கிட்ட யாரு போய்ச் சொல்றது?”

மறைப்பது மானப் பிரச்சினை மட்டும் இல்லை, மருத்துவப் பிரச்சினை. புது வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று நாலு நாள் மாத்திரையை நிறுத்தினாலே அடங்கியிருந்த வலிப்பு திரும்பலாம். வால்புரோயேட் போன்ற மருந்து கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும், கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். யாருக்கும் தெரியாத நோய்க்கு இந்தத் திட்டமெல்லாம் யார் போடுவது?

இரண்டு வரன் கழிந்து, மூன்றாவதில் அவளே பையனிடம் சொல்லிவிட்டாள். அவன் இரண்டு நாள் பேசவில்லை. சரி, முடிந்தது என்று நினைத்திருக்கிறாள். மூன்றாம் நாள் ராத்திரி போன்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது. வந்தா நான் என்ன பண்ணணும்?”

“பக்கத்துல உக்காருங்க. பிடிச்சு அமுக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் வைக்காதீங்க, தண்ணிகூட. மணி பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரி.”

“சாவி?”

“சாவிய வண்டி எடுக்க வச்சுக்குங்க.”